பெருக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி

யாழ்ப்பாணம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகளுக்கு,

காப்புறுதிக் கொம்பனிகளுக்கு ஆபத்தைக் கணக்குப் போடுகிற அக்சுவரி வேலைக்கான சோதனைக்கென்று நீ செய்து, நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய நிகழ்தகவுக் கொப்பித் தாள்களை இரவு விறாந்தையில் இருந்து பார்த்தேன். எழுத்து சின்னதாக இருந்தபடியால் ஒவ்வொரு கணக்கையும் என் கொப்பியில் திருப்பி எழுதிச் செய்தேன். பிழைத்தது ஐந்து. அதில் நாலு ஒரே பிழை. உனக்குச் சூத்திரம் எல்லாம் தெரிகிறது. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று பாராமலே கணக்கில் இறங்கிவிடுகிறாய்.

ஏழாவது கணக்கை எடு. ஒருவர் கார்க் காப்புறுதி எடுக்கும் நிகழ்தகவு 0.4. கார், வீடு இரண்டில் ஒன்றையாவது எடுக்கும் நிகழ்தகவு 0.7. இரண்டும் சாரா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று நடப்பது மற்றதின் நிகழ்தகவை மாற்றாது. வீட்டுக் காப்புறுதி எடுக்கும் நிகழ்தகவு ப என்ன என்பதுதான் கேள்வி. நீ 0.7இல் 0.4ஐக் கழித்து 0.3 என்று போட்டிருக்கிறாய். அது தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகளுக்குரிய விடை. சாரா நிகழ்ச்சி என்றால் இரண்டையும் எடுப்பவர்களும் இருப்பார்கள். சாராதவை என்றபடியால் அந்த இடைவெட்டு இரண்டையும் பெருக்கி வரும் 0.4ப. அதைக் கழித்தால் 0.7 = 0.4 + ப − 0.4ப, ப = 0.5. தெரிவுகளில் 0.3உம் கட்டாயம் இருக்கும், உன்னைப்போல அவசரப்படுகிறவர்களுக்காக. புறநீங்கும் என்றால் ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே நடக்காது. அதைவிடப் பெரிய சார்பு என்ன இருக்கிறது? உயர்தர வகுப்பில் படிப்பித்த காலம் முழுக்க இந்த இரண்டையும் குழப்பாத பிள்ளைகளை நான் கண்டது குறைவு.

எங்கள் கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் உனக்கு நினைவிருக்கும். கோடையில் ஒவ்வொன்றும் உவராகும் நிகழ்தகவு 0.2 என்று வை. இரண்டும் உவராவதற்கு 0.04 என்று பெருக்கலாமா? கீழே இருப்பது ஒரே சுண்ணாம்புக்கல், ஒரே தண்ணீர். ஒன்று உவரானால் மற்றதும் உவர்தான். உண்மையான விடை 0.2க்குக் கிட்ட நிற்கும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்குள்ளும் ஒரே இரவில் வெள்ளம் வந்தது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு மேல் ஏற்றினா, நீ மேசையில் ஏறி இருந்தாய். ஒரு வீட்டுக்கு 20இல் 1 என்று வைத்து நாலையும் பெருக்கினால் 1,60,000இல் 1 வரும். அப்படிக் கணக்குப் போட்டுக் கட்டுப்பணம் வாங்கிய கொம்பனி அந்த ஒரு இரவோடு முறிந்துபோகும். நீ செய்யப்போகிற வேலை இதுதான் பிள்ளை. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன்.

இன்னொன்று, இதைக் கையால் செய்து பார். இரண்டு நாணயக் குற்றி எடு. முதலாவது தலை விழுவது ஒரு நிகழ்ச்சி, இரண்டாவது தலை விழுவது மற்றது, இரண்டும் ஒரே பக்கம் விழுவது மூன்றாவது. எந்த இரண்டை எடுத்தாலும் சாராதவை, கால் என்று சரியாக வரும். ஆனால் மூன்றும் சேர்ந்தால் எட்டில் ஒன்று வராது, அதுவும் காலே வரும். ஏனென்றால் முதல் இரண்டும் தலை என்றால் மூன்றாவது தானாக நடந்துவிடுகிறது. சோடி சோடியாகச் சாராதிருந்தால் மட்டும் போதாது. இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விளங்காமல் இரண்டு நாள் குற்றியோடு திரிந்தேன்.

‘குறைந்தது ஒன்று’ வருகிற கணக்குகளை நிரப்பியால், அதாவது ஒன்றுமே நடக்காத நிகழ்தகவை 1இல் கழித்து, வடிவாகச் செய்திருக்கிறாய். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அத்தியாயம் அத்தியாயமாகச் செய்யாதே. ‘சாரா நிகழ்ச்சிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிற கணக்கில், பெருக்கலாமா என்ற கேள்விக்குத் தலைப்பே பதில் சொல்லிவிடுகிறது. சோதனையில் தலைப்பு இராது. உன் சோதனையை நடத்துகிற சொசைட்டி ஒஃப் அக்சுவரீஸ் தங்கள் இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் மாதிரி வினாக்களில் அங்குமிங்குமாக 30ஐப் பொறுக்கி, 3 மணித்தியாலம் வைத்துச் செய். ஒன்றுக்கு 6 நிமிடம். பிழை விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஆனபடியால் ஒன்றையும் வெறுமையாக விடாதே. ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியில் ‘சாராதவை’, ‘புறநீங்குபவை’, ‘தெரியாது’ என்று மூன்றில் ஒன்றை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கு. அந்த வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சனிக்கிழமை தாள்களை அனுப்பு. கொஞ்சம் கிட்ட வைத்துப் படம் எடு, என் கண்ணுக்குக் காணாது. அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடிப்பித்து வைத்திருக்கிறா. ரொறன்ரோவுக்கு யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம். இரவில் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா