2038-ஐக் காரணம் காட்டிப் பழைய கணினிகளைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியைத் தாண்டியதும் 32 பிட் கணினிகள் (எண்களை 32 இரும இலக்கங்களில் கையாளுபவை) அனைத்தும் தடுமாறும் என்றும், எனவே அவற்றை இப்போதே கழித்துவிட வேண்டும் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. முன்பாதியில் உண்மை உண்டு. பின்பாதி வீண் செலவுக்கும் மின்கழிவுக்குமே வழிவகுக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள், 1970 ஜனவரி 1 முதல் கடந்துள்ள விநாடிகளின் எண்ணிக்கையைக் கொண்டே தேதியைக் கணக்கிடுகின்றன. 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 214,74,83,647-ஐ எட்டியதும் எதிர்மறை எண்ணாகப் புரண்டு, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இது செயலியின் (பிராசஸரின்) குறை அன்று. 32 பிட் செயலியாலும் 64 பிட் எண்ணைக் கையாள முடியும். மாற வேண்டியவை இயங்குதளமும் மென்பொருள்களும்தான். நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2012-லும், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014-லும் அவ்வாறு மாறிவிட்டன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து அதற்கு வழி உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனோ, மூலநிரல் கிடைக்காத பழைய மென்பொருள்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, 32 பிட் பிசிக்கான தன் வடிவத்தைப் பழைய கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் முதலில் தங்கள் செயலி 64 பிட்டா என்று சோதிக்க வேண்டும். 2006-இல் வந்த கோர் 2 டுவோ கூட 64 பிட் செயலிதான் என்பதால், பல கணினிகளுக்கு இயங்குதளத்தை மாற்றி நிறுவினாலே போதும்.

வன்தட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முற்காலத்தில் இஎக்ஸ்டி3 என்ற லினக்ஸ் கோப்புச் சேமிப்பு முறையில் வடிவமைத்த தட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு கோப்பின் விவரத்துக்கும் 128 பைட் இடமே ஒதுக்கப்பட்டிருக்கும். அத்தகைய தட்டை இன்றைய லினக்ஸில் இணைத்தால், 2038 வரையிலான தேதிகளையே இது ஏற்கும் என்ற எச்சரிக்கை வரி கெர்னல் பதிவில் தெளிவாக வரும். தரவுகளை நகலெடுத்துக்கொண்டு, 256 பைட் அளவில் இஎக்ஸ்டி4 ஆக மறுவடிவமைத்தால் 2446 வரை கவலையில்லை.

புதிய கணினி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பதும் தவறு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் தேதியையும் நேரத்தையும் பதியும் 'டைம்ஸ்டாம்ப்' வகைப் புலம் 64 பிட் சர்வரிலும் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. இன்று வழங்கப்படும் இருபதாண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணைத் தேதியை அதில் பதிய முடியாது. அதாவது, சிக்கல் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டது.

திருத்தவே வழியில்லாத ஆய்வகக் கருவிகளையும் கடைசல் இயந்திரங்களையும் இயக்கும் கணினிகள், வலையமைப்பில் இணையாதவையாக இருந்தால், கடிகாரத்தை 28 ஆண்டுகள் பின்னோக்கி வைத்து ஓட்டலாம். 2038-இன் கிழமைகள் 2010-இன் கிழமைகளோடு அப்படியே பொருந்தும். அச்சிடும் அறிக்கைகளில் ஆண்டைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். லட்சக்கணக்கில் செலவிட்டு இயந்திரத்தையே மாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அரசு அலுவலகங்களும் கூட்டுறவு வங்கிகளும் மருத்துவமனைகளும், கணினிகளை ஏலம் விடுவதற்கு முன், வன்தட்டின் நகல் ஒன்றை வலையமைப்பில் சேராத கணினியில் பொருத்தி, தேதியை 2038 ஜனவரி 18-க்கு மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இனி கோரும் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளிலும் 2038-க்குப் பிந்தைய தேதிகளைக் கையாளுவதை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பராமரிக்கும் ஒரு வாசகர்