கணக்கில் வராதது அன்றும் இருந்தது

காட்பாடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம் என்பதால் உடனே எழுத முடியவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். வெயிலைப் பற்றி வேலூரில் பிறந்தவனுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணி நேர உழைப்பில் உருவாகும் உற்பத்தி, வளர்வது மந்தமாகிவிட்டது என்று பொருளாதார நிபுணர்கள் கவலைப்படுவதே வீண், அளப்பதில்தான் கோளாறு, போனில் இலவசமாக வரும் மேப்பும் வீடியோவும் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கான ஜிடிபியில் ஏறாததால் வளர்ச்சி சின்னதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அவை ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் வளர்ச்சி குறையவே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த விவாதம் அதிகம் நடந்தது அமெரிக்கக் கணக்கை வைத்துத்தான். அங்கே ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் உற்பத்தி 1995 முதல் 2004 வரை ஆண்டுக்குச் சுமார் 2.8 சதவீதம் கூடியது, அடுத்த பத்தாண்டில் அது 1.3 ஆக இறங்கிவிட்டது. பழைய வேகமே தொடர்ந்திருந்தால் 2015-இல் அந்த நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 3 லட்சம் கோடி டாலர் அதிகமாக இருந்திருக்கும் என்று சிகாகோவில் இருக்கும் பொருளாதார நிபுணர் சாட் சைவர்சன் கணக்குப் போட்டார். குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 9,000 டாலருக்கு மேல் வருகிறது. இவ்வளவும் இலவச மேப்பிலும் வீடியோவிலும் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும். அதோடு, சரிவு வந்தது அந்த ஒரு நாட்டில் மட்டும் இல்லை. பல டஜன் நாடுகளில் வந்திருக்கிறது, அதில் கம்ப்யூட்டரும் இணையமும் அதிகம் புழங்கும் நாட்டில் சரிவு அதிகம், குறைவாகப் புழங்கும் நாட்டில் குறைவு என்ற தொடர்பே காணவில்லை. நீ சொல்வது சரியாக இருந்தால் அந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: அளவீட்டில் பிழை இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தப் பிழை 2004-க்குப் பிறகு பெரிதானது என்று காட்ட வேண்டும். பிழை எப்போதும் இருந்ததுதானே. நம் தாத்தா காலத்தில் வட ஆற்காடு கிராமங்களில் மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி நீர் இறைத்தார்கள், கரண்ட் மோட்டார் வந்ததும் அந்த விடியற்காலைப் பாடு போயிற்று. விளைந்த நெல் மூட்டை கணக்கில் ஏறியது, உடம்புக்குக் கிடைத்த ஓய்வு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ரேடியோ, டிவி, பெனிசிலின் எல்லாமே கொடுத்த காசைவிடப் பல மடங்கு பயன் தந்தவை. 1996-இல் பொருளாதார நிபுணர் பாஸ்கின் தலைமையிலான குழு அமெரிக்க விலைவாசிக் குறியீடு ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி அதிகமாகக் காட்டுகிறது, அதாவது உண்மையான வளர்ச்சி அந்த அளவு குறைவாகத் தெரிகிறது என்று சொன்னபோது நம் கையில் போனே கிடையாது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் கதை இன்னும் உன் பக்கத்துக்கு எதிராகப் போகிறது. பைர்ன், ஃபெர்னால்ட், ரைன்ஸ்டார்ஃப் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் 2016-இல் கம்ப்யூட்டர் சாதனங்களின் விலைகளைத் திருத்திப் பார்த்தார்கள். 1995–2004 காலத்து வளர்ச்சிதான் அதிகம் உயர்ந்தது, ஏனென்றால் அப்போதுதான் அந்தச் சாதனங்களை அமெரிக்காவிலேயே அதிகம் செய்துகொண்டிருந்தார்கள். அதாவது பிழையைத் திருத்தினால் 2004-க்குப் பிறகு வந்த பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

எங்கள் தோல் தொழிலில் அளவீடு எவ்வளவு சிக்கல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆண்டுதோறும் அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புகிறவன் நான். சதுர அடியை மெஷின் சரியாக அளந்துவிடும், ஆனால் அதே ஒரு சதுர அடி பத்து வருடத்துக்கு முன்பைவிட மெத்தென்று, தண்ணீர் இறங்காமல் வருகிறது, விலை கூடியதில் எவ்வளவு தரத்துக்கு, எவ்வளவு வெறும் விலையேற்றத்துக்கு என்று யார் பிரிப்பது? 2011-12 விலைகளை அடிப்படையாக வைத்துப் போட்ட நம் நாட்டு ஜிடிபி கணக்கில் இன்னொரு வினையும் இருந்தது. விற்ற தொகையில் மூலப்பொருள் செலவைக் கழித்தால் வருவது கூட்டுமதிப்பு; விலையேற்றத்தை நீக்க, விற்ற பொருளின் விலையை வைத்தே அது முழுவதையும் திருத்தினார்கள், மூலப்பொருளின் விலையைத் தனியே திருத்தவில்லை. பச்சைத் தோல் மலிவாகி, முடித்த தோல் விலை அப்படியே நின்றால், ஒரு சதுர அடிகூட அதிகம் செய்யாமலே நாங்கள் வளர்ந்தது போலத் தெரியும். பார், இங்கே பிழை வளர்ச்சியைக் கூட்டிக் காட்டுகிறது. பிழை என்றாலே குறைத்துக் காட்டுவதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

பாலாற்றை நினைத்துப் பார். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளின் கழிவுநீர் ஆற்றிலும் கிணறுகளிலும் இறங்கிய காலத்தில் உற்பத்திக் கணக்கு அழகாக ஏறியது, கெட்டுப்போன கிணறும் தரிசான நிலமும் கழிக்கப்படவே இல்லை. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு சுத்திகரிப்புக்கு ஆள், கரண்ட், ரசாயனம் எல்லாம் போகிறது, தோல் ஒரு அடி கூடுவதில்லை, ஆகவே ஏட்டில் உற்பத்தித்திறன் குறைகிறது. இந்தக் குறைவை மட்டும் அளவீட்டுக் கோளாறு என்று நானே சொல்வேன், அதுவும் பழைய கணக்கில் செய்த கோளாறு. ஆனால் சென்னையில் நீ வேலை பார்க்கும் வங்கித் துறைக்கோ, அமெரிக்கக் கடைகளுக்கோ இது பொருந்தாது.

நான் இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. அளவில்தான் பிழை என்று முடித்துவிட்டால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. மகளோடு வேலை செய்கிற தையல் பிரிவுப் பெண்களின் கூலி வீட்டு வாடகைக்கே இழுபறியாக இருக்கிறது. போனில் இலவச வீடியோ பார்ப்பது அவர்களுக்குச் சந்தோஷம்தான், அதை வீட்டுக்காரரிடம் வாடகையாகக் கொடுக்க முடியாது. கூலி உயர வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் விற்கக்கூடியதாக என்ன உருவாகிறது என்பது கூட வேண்டும், அதற்கு நல்ல மெஷின், பயிற்சி, தடையில்லாத கரண்ட் வேண்டும்.

கம்ப்யூட்டர் யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று 1987-இல் பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ சொன்னதை நீ எடுத்துக்காட்டியிருந்தாய். அப்புறம் 1995-இலிருந்து தெரிந்ததே! அதே புள்ளிவிவரம்தான் அந்த ஏற்றத்தைக் காட்டியது. ஏற்றத்துக்கு நம்பிய கணக்கை இறக்கத்துக்கு மட்டும் எப்படித் தள்ளுவது?

உன் கிளையில் ஒருவர் ஒரு நாளில் முடிக்கும் கடன் மனுக்கள், 2004 வாக்கில் இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பழைய ஆட்களிடம் கேட்டு எழுது. அதை வைத்து மேலே பேசலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்