பருவ முடிவுக் கடிதம்: கடைசிப் பாடவேளையும் கால்பந்துப் பயிற்சியும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்டில் தொடங்கிய பருவம் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு நிறைவடைகிறது. இசைக்குழுவின் குளிர்கால நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது. விவாத அணியினரும், அறிவியல் மன்றத்தினரும், உணவு வங்கிக்குப் பொருள் திரட்டியவர்களும் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் பழகிவிட்டார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள். ஸ்காட்லாந்தின் பொதுத்தேர்வான ‘நேஷனல் 5’ எழுதுவோருக்கு ஜனவரியில் முன்தேர்வு தொடங்குகிறது. அட்டவணை தனியே வந்து சேரும்.

இந்தப் பருவத்தின் பெருமகிழ்ச்சி 2025 நவம்பர் 18 இரவுதான். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் டென்மார்க்கை 4-2 என்று வென்று, 1998-க்குப் பிறகு முதன்முறையாக நம் ஸ்காட்லாந்தின் ஆண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கேப்டன் ஆண்டி ராபர்ட்சன் கிளாஸ்கோவில் பிறந்தவர், பக்கத்துக் கிஃப்னாக்கில் செயின்ட் நினியன்ஸ் பள்ளியில் படித்தவர். நம் பிள்ளைகள் அவரைத் தங்கள் வீட்டு அண்ணனாகவே நினைக்கிறார்கள். அதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு, பிள்ளைகளைக் கடைசிப் பாடவேளைக்கு முன்பே கால்பந்துப் பயிற்சிக்கு அழைத்துப் போகக் கேட்டு வரும் குறிப்புகள் மிகவும் கூடிவிட்டன. சில நாள் மதியம் மூன்றாம் ஆண்டு வகுப்புகளில் வரிசையாக இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. சில குறிப்புகளில் ராபர்ட்சனின் பெயரே காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அவருடைய பயணத்தைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக்கின் இளையோர் அணியில் இருந்த அவரை, உடல் சிறியது என்று சொல்லி 15 வயதில் விலக்கினார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் குவீன்ஸ் பார்க். 1867-இல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப் அது. அப்போது அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ராபர்ட்சன் பிறந்தது 1994 மார்ச் 11. சட்டப்படி 2010 மே மாதத்துக்குப் பின் அவர் பள்ளியை விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, படிப்பை முடித்தார். அதன் பிறகுதான் கால்பந்துக்கென்று ஓராண்டு கெடு. அதற்குள் வழி பிறக்காவிட்டால் பல்கலைக்கழகம் என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு.

அந்த ஓராண்டு 2012-13. குவீன்ஸ் பார்க் ஸ்காட்லாந்து லீக்கின் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ராபர்ட்சன் ஹாம்ப்டனில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தார், கடையிலும் வேலை செய்தார். கையில் காசில்லை, வேலை வேண்டும் என்று 2012 ஆகஸ்டில் அவர் ட்விட்டரில் எழுதியதைப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள். 2013-இல் ஸ்காட்லாந்தின் மேலடுக்குக் கிளப்பான டண்டீ யுனைடெட் அவரை எடுத்தது. 2014 மார்ச்சில், போலந்துக்கு எதிராக, நாட்டுக்காக முதல் ஆட்டம். அதே கோடையில் 28.5 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தின் ஹல் சிட்டி கிளப் வாங்கியது. அந்த அணியோடு 2015-இலும் 2017-இலும் இரண்டு முறை கீழ் அடுக்குக்கு இறங்க வேண்டியிருந்தது. 2017 ஜூலையில் 80 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் வாங்கியது. அங்கேயும் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் வெளியில்தான் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில், அந்த இடத்தில் ஆடிவந்த அல்பெர்ட்டோ மொரேனோ காயமடைந்த பிறகே இடது பின்களத்தில் நிலையான இடம் கிடைத்தது. 2018 மே மாதம் ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஆடினார், செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கேப்டனானார். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இலும் 2025-இலும் இங்கிலாந்து லீக் பட்டம்.

நான்காம் அடுக்கிலிருந்து ஐரோப்பாவின் இறுதி ஆட்டத்துக்கு ஆறு ஆண்டு கூட ஆகவில்லை. கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் பள்ளியை ஓரம் தள்ளிவிட்டு அவர் ஏறவில்லை. பெரிய கிளப்பின் கதவு அடைபட்டபோது, போய்ச் சேரப் பள்ளியும், அதன் பின்னால் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு வழியும் அவருக்கு இருந்தன. அதனால்தான் சம்பளமில்லாத கிளப்பில் பதற்றமில்லாமல் வளர நேரம் கிடைத்தது. இதை ஒருவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண் பிள்ளைகளின் வேகமான வளர்ச்சி சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. சிலருக்கு அதற்கு முன்னதாகவே, சிலருக்கு ஓரிரு ஆண்டு தள்ளி. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். 13 வயதில் யார் பெரியவராகத் தெரிகிறார் என்பதை வைத்து 20 வயதைக் கணிக்கப் பயிற்சியாளர்களாலேயே முடிவதில்லை.

இனிக் கணக்கு. பள்ளியாண்டு 190 நாள், அதாவது 38 வாரம். வாரத்துக்கு இரண்டு நாள் 50 நிமிடப் பாடவேளை போனால் ஆண்டுக்கு 76 பாடவேளை, 63 மணி நேரம். ‘நேஷனல் 5’-இல் ஒரு பாடத்துக்கு வகுத்திருப்பது 160 மணி. இரண்டு நாளும் ஒரே பாடமாக அமைந்துவிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. கணிதத்தில் இது உடனே வெளியே தெரியும். காரணிப்படுத்துதல் நடந்த அன்று இல்லாத பிள்ளை, அடுத்த வாரம் இருபடிச் சமன்பாட்டில் திகைத்து நிற்கிறது. வேதியியல் செய்முறையை வீட்டில் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. ‘இரவில் படித்துக்கொள்வான்’ என்று நம்பிக்கையோடு சொல்கிறீர்கள். பயிற்சி எட்டு மணிக்கு முடிந்து, வீடு சேர ஒன்பது ஆகி, சாப்பிட்டு முடிக்கும்போது பிள்ளைக்குக் கண் சொக்குகிறது. இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை.

உடலையும் பாருங்கள். கிளப் பயிற்சி, வார இறுதி ஆட்டம், பள்ளி அணி, அதற்கு மேல் தனிப் பயிற்சியாளர் என்று ஒரே பிள்ளை நான்கு இடத்தில் ஓடுகிறது. ஒருவர் கொடுக்கும் சுமை மற்றவருக்குத் தெரியாது. பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் முறைப்படுத்திய விளையாட்டு வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், அது வளரும் வயதில் அதிக ஓட்டத்தால் வருவது. வலியோடு ஓட விடாமல் பயிற்சியைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

அனுமதியே கிடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. கிளப்பின் கடிதத்தில் நாளும் பயிற்சி தொடங்கும் நேரமும் இருக்க வேண்டும். அதோடு உங்கள் கோரிக்கையைக் குறைந்தது ஐந்து பள்ளி நாள் முன்னதாகத் தாருங்கள். ஆண்டுத் தலைவர் கால அட்டவணையைப் பார்த்து, ஒரே பாடம் இரண்டு முறை போகாதபடி வாரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவார். போகுமுன் பிள்ளை அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். விடுபட்ட பாடத்தை அடுத்த வகுப்புக்குள் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டு முறை தவறினால் அந்த அனுமதி நிற்கும். முன்தேர்வு வாரங்களில் யாருக்கும் அனுமதி இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இடம் கொடுக்க மாட்டோம். பல் மருத்துவரிடம் போவதாகக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போவதை ஏற்க முடியாது. ஆசிரியர் கேட்கும்போது அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியது உங்கள் பிள்ளை. வாசலில் காரை நிறுத்திக் கைபேசியில் பிள்ளையை வெளியே கூப்பிடுவதும் கூடாது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். ஜனவரி முதல் இவை அனுமதியற்ற வருகையின்மை என்றே பதிவாகும்; பெற்றோரை நேரில் வரச் சொல்வோம். 16 வயது நிறைந்த அன்றே பள்ளியை விட்டுவிடலாம் என்பதும் தவறு. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30-க்குள் 16 நிறைவோர் பள்ளியை விடக்கூடிய நாள் மே 31. அக்டோபர் முதல் பிப்ரவரி இறுதிக்குள் நிறைவோருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையின் தொடக்கம். அதற்கு முன் எந்த ஒப்பந்தத்தைக் காட்டினாலும் நாங்கள் விடுவிக்க முடியாது.

கில்மார்னக் கிரேஞ்ச் அகாடமியில் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் பில்லி கில்மர் படித்ததைச் சிலர் சுட்டிக்காட்டினீர்கள். ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் 2012-இல் தொடங்கிய திட்டத்தில் அமைந்த பள்ளி அது. அங்கே கால்பந்துப் பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே, கால அட்டவணையில் இருந்தது. எங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை.

இந்தக் குளிரிலும் இருட்டிலும் வேலை முடித்து வந்து, ஈரக் காலணியோடு பிள்ளையைக் காரில் ஏற்றி, மைதான ஓரத்தில் நின்று காத்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் உள்ள அன்பை நாங்கள் அறிவோம். கிளப்பிலிருந்து பிள்ளையை விலக்கிவிட்டால் தயங்காமல் அன்றே ஆண்டுத் தலைவரிடம் சொல்லுங்கள். அந்த வாரம் பிள்ளையைத் தனியாக விட மாட்டோம். பள்ளி அணியில் இடம் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் உள்ளூர் கிளப்புகளையும் காட்டுவார்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் நேரத்தை மதித்து, முன்கூட்டியே கேட்டு, எங்களோடு ஒத்துழைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அனுமதிப் படிவம் பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து அலுவலகத்தில் கிடைக்கும். பழைய அனுமதி உள்ளவர்களும் புதிதாக எழுதித் தர வேண்டும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்