பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும் நடை: இணையவழியில் பாடம் எடுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வணிகவியல் ஆசிரியை. கணக்குப்பதிவியலைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் கோடு போட்டுத்தான் நடத்தி வந்தேன். 2020-ல் கல்லூரிகள் மூடப்பட்டபோது, உங்களில் பலரைப் போல நானும் ஒரே வாரத்தில் இணைய ஆசிரியை ஆனேன். தொற்றுக்காலம் முடிந்தும் அந்த வேலை என்னை விடவில்லை. வார இறுதிகளில் இணையவழிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இப்போதும் பாடம் எடுக்கிறேன்.

இணையவழிப் படிப்புகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2020 செப்டம்பரில் வந்தன. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் தரும் பட்டம், நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் அந்தக் குழு தெளிவாகச் சொன்னது. நல்லதுதான். பட்டம் சமமாகிவிட்டது, சரி. படிப்பு சமமாக இருக்கிறதா? அதை எந்த அரசாணையாலும் செய்ய முடியாது, நாம்தான் செய்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் பருவத்தில் பிழைத்திருத்தம், அதாவது கணக்கேட்டில் தவறாக எழுதியதைச் சரிசெய்யும் பாடம், நடத்தினேன். ஐம்பது நிமிடமும் நானே பேசினேன். ஸ்லைடில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தேன். நடுநடுவே "புரிகிறதா?" என்று கேட்டேன். நான்கைந்து பேர் "எஸ் மேம்" என்று தட்டினார்கள், நானும் நம்பினேன். உள்தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வகுப்பில் பெரும்பாலானவர்களுக்குப் பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) இடம் மாறியிருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்பறையில் இது நடந்திருக்காது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு நடை நடப்போம். யார் எழுதுகிறார்கள், யார் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று நோட்டில் ஒரே தப்பு இருந்தால் பலகைக்குத் திரும்பிப் போவோம். இணையத்துக்கு வந்தபோது நான் இழந்தது அந்த நடையைத்தான். இன்றுவரை நான் கற்றுக்கொண்ட உத்திகள் எல்லாமே அதைத் திரும்பப் பெறும் வழிகள்தாம்.

இப்போதெல்லாம் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசுவதில்லை. பேசி முடித்ததும் ஒரு வணிக நடவடிக்கையைத் தருவேன்: "10,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் பற்று எழுதிவிட்டார்கள். திருத்தப் பதிவு என்ன?" எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. இரண்டு நிமிடம் கழித்து "அனுப்புங்கள்" என்றதும் விடைகள் மளமளவென்று வந்து விழும். இயந்திரக் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், எத்தனை பேர் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பாதிப் பேர் தவறியிருந்தால் அடுத்த ஸ்லைடுக்குப் போகமாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் முதலில் வந்த விடையைப் பார்த்து எழுத வழியில்லை. கூச்சப்படுகிறவர்கள் எனக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2013-ல் ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் ஒரு குழுவுக்குச் சிறு தேர்வு வைத்தார்கள். தேர்வு இல்லாத குழுவில், கவனிக்கிறீர்களா என்று இடையில் கேட்டபோது பத்தில் நான்கு முறை மனம் எங்கோ போயிருந்தது. தேர்வு எழுதிய குழுவில் அது பாதிக்கும் கீழே குறைந்தது. அவர்கள் அதிகம் குறிப்பெடுத்தார்கள், அதிகம் நினைவில் வைத்தார்கள், இறுதித் தேர்வைப் பற்றிய பதற்றமும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இந்தச் சிறு தேர்வுகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மதிப்பெண் வந்துவிட்டால் மாணவர் தப்பை ஒளிக்கத் தொடங்குவார், நமக்கு வேண்டியதோ அந்தத் தப்புதான்.

அடுத்தது மொழி. என் மாணவர்களில் பலர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து சந்தேகம் கேட்கச் சொன்னால் கேட்கவே மாட்டார்கள். எழுத்துப்பிழையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். தமிழில் கேட்கலாம், தங்கிலீஷில் கேட்கலாம், வாட்ஸ்அப்பில் குரலாகவும் கேட்கலாம் என்று சொன்ன பிறகுதான் கேள்விகள் வரத் தொடங்கின. ஒரு மாணவி ஒரு பருவம் முழுக்க வாயே திறக்காதவர். அவர் அனுப்பிய முதல் குரல்பதிவில் இருந்த கேள்வி, நம் ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பற்றி அதுவரை யாருமே என்னிடம் கேட்காத நல்ல கேள்வி. நாம் மௌனத்தைப் பார்த்து "ஆர்வமில்லை" என்று எழுதிவிடுகிறோம். பல நேரம் அது மொழித் தயக்கம்தான்.

கணக்குகளைக் கையால் நோட்டில் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எண்பது பேர் நோட்டையும் வாராவாரம் பார்க்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. வாரம் பதினைந்து பேர் என்று சுற்று முறையில் பார்க்கிறேன். தப்பான வரியில் வட்டமிட்டு, அரை நிமிடக் குரல்பதிவு ஒன்று: "மூன்றாவது வரியைத் திரும்பப் பாருங்கள், தேய்மானம் எந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்?" விடையை நான் சொல்வதில்லை. இரண்டு நாளுக்குள் இது போய்ச் சேர வேண்டும். பருவம் முடியும்போது வரும் கருத்தால் யாருக்கும் பயனில்லை.

காணொளி பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரலை வகுப்பின் முழுப் பதிவை அப்படியே ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் காணொளிப் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், சராசரி மாணவர் ஆறு நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஸ்லைடை விட, ஆசிரியர் கையால் எழுதிக்கொண்டே விளக்கிய காணொளிகளை மாணவர்கள் அதிகம் பார்த்தார்கள். நம் கணக்குப் பாடத்துக்கு இது பொருந்தாதா என்ன! ஒரு காணொளிக்கு ஒரு கருத்து போதும். அப்புறம், பதிவேற்றும் முன் உங்கள் போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) கைபேசித் திரையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். நான் இப்போது பொறுப்புகளைத் தனியாக, சொத்துகளைத் தனியாகக் காட்டிவிட்டுக் கடைசியில்தான் சேர்க்கிறேன்.

கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டை அந்தப் பிள்ளை ஏன் வகுப்புக்குக் காட்ட வேண்டும்? தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 சுற்றில், கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை சுமார் 15 சதவீதம்தான். அதன்பின் நிலைமை மாறியிருக்கிறது, 2021 தொடக்கத்தில் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. ஆனால் டேட்டா இருந்தாலும் சிக்னல் இருக்க வேண்டுமே. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் வகுப்பைக் கேட்டவர்கள் உண்டு. குரல் மட்டும் வந்தாலும் பாடம் புரியும்படி பேசிப் பழகுங்கள். "இதோ, இங்கே பாருங்கள்" என்பதற்குப் பதில் "வரவுப் பக்கத்தின் இரண்டாவது வரி" என்று சொல்லிப் பாருங்கள்.

தேர்வில் காப்பி அடிக்கிறார்கள் என்று எல்லோரும் வருந்துகிறோம். நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன்: இயந்திரத்தின் விலை 1,00,000 ரூபாயுடன், அவரவர் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை நூறால் பெருக்கி வரும் தொகையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். எல்லோருக்கும் வேறு வேறு விடை. முறையை நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தானே போட்டால், அதுவும் படிப்புதானே.

ஒரு மாணவர் மூன்றாம் வாரத்தில் காணாமல் போனார். போன் செய்தேன். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட், வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சோம்பேறி என்று நான் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவருக்குக் குறுங்காணொளிகளை அனுப்பி, ஒப்படைப்பை ஞாயிறு இரவுக்கு மாற்றினேன். அந்தப் பருவத்தை எழுதி முடித்தார். அன்றிலிருந்து இரண்டு வாரம் எதையும் அனுப்பாதவர்களுக்கு நானே போன் செய்துவிடுகிறேன். வருகைப் பட்டியல் இதைச் சொல்லாது. உள்நுழைந்துவிட்டு மைக்கை அணைத்துப் போனவருக்கும் அதில் வருகை உண்டு.

நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்டாக வேண்டும். நேரலை நிமிடங்களையும் பதிவேற்றிய காணொளிகளையும் மட்டும் எண்ணிப் பணி நேரம் கணக்கிடாதீர்கள். நோட்டுப் படங்களைத் திருத்துவதும் போன் செய்வதும் பணி நேரம்தான். ஒரு கௌரவ விரிவுரையாளரிடம் முந்நூறு மாணவர்களை ஒப்படைத்தால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

இவற்றை எல்லாம் ஒரே பருவத்தில் தொடங்க வேண்டாம், ஆசிரியர்களே. நான் தொடங்கியது அந்த "அனுப்புங்கள்" கேள்வி ஒன்றோடுதான். உங்கள் அடுத்த வகுப்பில் ஒரே ஒரு கேள்வியை அப்படிக் கேளுங்கள். வந்து விழும் விடைகளைப் பார்த்த பிறகு உங்கள் பாடத்துக்கு எது ஒத்துவருகிறது, எது வரவில்லை என்று எனக்கும் எழுதுங்கள். ஆய்வகப் பாடங்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு வணிகவியல் ஆசிரியை