அன்வில்லிங் எழுதாதே, மல்லி

அன்புள்ள மல்லி,

நேற்று நீ போன் பண்ணியபோது நான் ஜி.எச். மார்ச்சுவரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்தும் பாடியை வாங்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நீ, "அன்வில்லிங் எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்டி" என்றாய். லா அண்ட் ஆர்டர் ஸ்டேஷனுக்குப் போக விருப்பமில்லை என்று நீயே கைப்பட எழுதிக் கொடுப்பதாம். கத்திவிட்டேன். கத்தியதற்கு மன்னித்துக்கொள். சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் பேப்பர், பேனா.

வீட்டில் எல்லாரும் நலம். சின்னவன் பிளஸ் டூ முடித்து கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறான். அம்மாவுக்கு முட்டி வலி, அவருக்குச் சர்க்கரை, இரண்டும் கட்டுக்குள். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? உன் பெண் இன்னும் என்னை 'பூட்ஸ் பெரியம்மா' என்றுதான் கூப்பிடுகிறாளா?

போன வாரம் ராஜம் அக்காவுக்குப் பணி ஓய்வு விழா. நீ வரவில்லை என்று அக்காவுக்கு நிஜமாகவே வருத்தம். மாலை, ஷீல்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச்சு, எல்லாம் வழக்கப்படி நடந்தது. அதெல்லாம் முடிந்து பந்தியில் பாயசம் வரக் காத்திருந்தபோது, அக்கா கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

நாலாக மடித்த பழைய மெமோ. மடிப்பெல்லாம் பிரிந்து செலோ டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப்பே மஞ்சளாகிவிட்டது. ஐ.நா. அமைதிப் பணிக்கு விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எழுதி, கீழே கடைசித் தேதி. ஓரத்தில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த சீல். சீலில் உள்ள தேதி கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் பிந்தியது.

இருபது வருஷத்துக்கும் மேலாக அக்கா அதைக் கைப்பையில் வைத்திருக்கிறார்கள், மல்லி. ஒவ்வொரு தடவை பை மாற்றும்போதும் அதையும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அப்போது அக்கா இன்ஸ்பெக்டர். அந்தத் தேர்வில் என்ன கேட்பார்கள் தெரியுமா? ஆங்கிலம், வண்டி ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது. கான்வென்ட் ஆங்கிலம் அக்காவுடையது. ரேஞ்சில் அவர்கள் சுட்ட அட்டையை நாம் இரண்டு பேரும் எண்ணிப் பார்த்திருக்கிறோம். "ஜீப் மட்டும்தான் தெரியாது. மூணு வாரம் கிடைச்சிருந்தா கத்துக்கிட்டிருப்பேன்" என்றார்கள். கூட வேலை பார்த்த பேட்ச்மேட் ஒருத்தர் தேர்வாகி, கொசோவோவுக்குக் கிளம்புமுன் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தபோதுதான் அக்காவுக்கே விஷயம் தெரிந்ததாம். ஏன் ஒரு வார்த்தை சொல்லலை என்று கேட்டிருக்கிறார்கள். "உனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க, நீ எங்க போகப் போறேன்னு நினைச்சிட்டேன் ராஜம்" என்றாராம் அவர். நல்ல மனுஷர், மல்லி. அக்கா அப்பாவின் காரியத்துக்கு மூன்று நாள் கூடவே நின்றவர்.

2007-ல் நம் நாட்டு சி.ஆர்.பி.எஃப். பெண்கள் லைபீரியாவுக்குப் போனார்களே, ஐ.நா.வுக்காகப் போன முதல் முழுப் பெண்கள் போலீஸ் அணி, அதை டிவியில் காட்டிய அன்று அக்கா ராத்திரி சாப்பிடவில்லையாம். 2016 வரை அணி மாறி மாறிப் போய்வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை செய்தி வரும்போதும் சேனலை மாற்றிவிடுவார்களாம்.

நான் பாயசம் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நீ போன் பண்ணி அன்வில்லிங் என்கிறாய். அக்காவின் பெயரை இன்னொருத்தர் மனசுக்குள்ளேயே அடித்துவிட்டார். உன் பெயரை நீயே அடிக்கப் போகிறாய். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும், சொல்லு.

நீ சொன்ன காரணம் என்ன? "பதினோரு வருஷம் மகளிர் ஸ்டேஷன்லயே இருந்துட்டேன், லா அண்ட் ஆர்டர் எனக்குப் பழக்கமில்லை." சரி, மகளிர் ஸ்டேஷனில் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? அந்த எட்டு வயசுப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தபோது, போக்சோ சட்டம் சொல்கிறபடி யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, சுடிதாரில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாக்பீஸில் கோலப் புள்ளி வைத்தாயே. ஏழு புள்ளிக் கோலத்தில் நாலாவது புள்ளியைப் பிள்ளை தானாக வைத்து, அப்புறம் பேச ஆரம்பித்தது என்று நீதானே சொன்னாய். அந்தக் கேஸ் தண்டனையில் முடிந்தது. அந்தப் பொறுமை லா அண்ட் ஆர்டர் ஸ்டேஷனுக்கு வேண்டாமா? அங்கேயும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். வாசலில் பத்து ஆம்பளைகளைப் பார்த்ததும் பெட்டிஷனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

மகளிர் ஸ்டேஷனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் ஸ்டேஷன் திறந்திராவிட்டால் எத்தனையோ பேர் போலீஸ் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் பெண்களுக்கென்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள், நாமும் அந்த ஒரு வாசலோடு நின்றுவிட்டோம். நாளைக்கு நீ டி.எஸ்.பி. ஆவாய். சப் டிவிஷனில் இரண்டு தெருக்காரன் சாமி ஊர்வலத்துக்கு அரிவாளோடு நின்றால், கொலை நடந்த ஊரில் கடையடைப்பு என்றால், அன்றைக்கு யாரைக் கேட்டுக் கற்றுக்கொள்வாய்?

1973-ல் நம் மாநிலத்தில் முதலில் சேர்ந்த பெண் போலீஸ் மொத்தம் 22 பேர்: ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது கான்ஸ்டபிள். 1976-ல் திலகவதி மேடம் ஐ.பி.எஸ். ஆனார்கள். லத்திகா சரண் மேடம் 2006-ல் சென்னை கமிஷனர், 2010-ல் டி.ஜி.பி. இவர்களைச் சொல்லித்தான் நமக்கு லெக்சர் எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உச்சியில் இரண்டு மூன்று பெயர் எப்போதும் இருக்கும். நடுவில் யார் இருக்கிறார்கள்? 2025-ல் வந்த இந்திய நீதி அறிக்கையைப் படித்தேன். நாடு முழுக்க சுமார் 2.42 லட்சம் பெண் போலீஸ், அதில் 2.17 லட்சம் பேர் கான்ஸ்டபிள், ஏட்டு மட்டத்தில். ஐ.பி.எஸ். 960 பேர். நீயும் நானும் நடுவில் மாட்டிய அந்த இருபத்து நாலாயிரம் சொச்சம். நாம் ஏறாவிட்டால் நமக்குப் பின்னால் வரிசை நகராதுடி.

ஏறுவதற்கு என்ன தடை என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். யாரும் கூட்டம் போட்டு நம்மை ஒதுக்குவதில்லை. அப்படி இருந்தால் சண்டை போடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயுதப்படை கிரவுண்டுக்குப் போய்ப் பார். ஷட்டில் நடக்கும். இன்ஸ்பெக்டர்கள், டி.எஸ்.பி.க்கள், கேம்ப் கிளார்க், எல்லாரும் அங்கே இருப்பார்கள். எந்த ஸ்டேஷன் காலியாகிறது, எந்தக் கோர்ஸுக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள், சி.பி.ஐ. டெபுடேஷனுக்கு யார் போகிறார்கள் என்று இரண்டு செட்டுக்கு நடுவில் தண்ணி குடிக்கும்போது பேச்சு வரும். மறுநாள் காலையில் பெயர் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆறு மணிக்கு நாம் எங்கே இருக்கிறோம்? மாவு அரைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு அது மெமோவாக வரும்போது ராஜம் அக்காவின் மெமோதான்.

2023 பொன்விழாவில் அறிவித்தார்களே, பெண் போலீஸுக்கு ரோல் கால், அதாவது காலை வருகை அணிவகுப்பு, ஏழிலிருந்து எட்டு மணி என்று. அது எல்லாருக்கும் தெரியும், வீட்டு வேலையோடு சம்பந்தப்பட்டது. அதே மேடையில் டி.ஜி.பி. ஆபீஸில் பணி வழிகாட்டும் ஆலோசனைக் குழு என்றும் சொன்னார்கள். என் ஸ்டேஷனில் பதினான்கு பெண்களிடம் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை.

இன்னொரு கதை சொல்கிறேன், இது உனக்குப் பிடிக்கும். 1910-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்ற அம்மா போலீஸில் சேர்ந்தார். அங்கே போலீஸுக்கு டிராம் இலவசம். பேட்ஜைக் காட்டினால், புருஷன் பேட்ஜை எடுத்து வந்துவிட்டாய் என்று கண்டக்டர் சண்டைக்கு வந்தாராம். அப்புறம்தான் 'பெண் போலீஸ் நம்பர் ஒன்று' என்று தனி பேட்ஜ் கொடுத்தார்கள். நாம் மஃப்டியில் பஸ்ஸில் போனபோது உன் பஸ் பயண வாரண்டைப் பார்த்துவிட்டு "யாரோடதும்மா இது" என்று கேட்டாரே ஒருத்தர், அதேதான்! அந்த அம்மா தன் பேட்ஜோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1915-ல் பெண் போலீஸுக்கென்று சர்வதேச சங்கமே ஆரம்பித்தார். பணமில்லாமல் 1932-ல் அது படுத்துவிட்டது. 1956-ல் திரும்ப எழுப்பினார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் ஒரு நாட்டில் கூடுகிறார்கள்; 2024-ல் சிகாகோ, 2025-ல் கிளாஸ்கோ. நம் நாட்டிலேயே 2002-லிருந்து பெண் போலீஸ் தேசிய மாநாடு நடக்கிறது. நம் இத்தனை வருஷ சர்வீஸில் நம்மில் யாராவது பெயர் கொடுத்திருக்கிறோமா?

நான் லா அண்ட் ஆர்டருக்கு வந்த இரண்டாவது மாதம், தேர் அன்றைக்கு ராத்திரி, எந்தத் தெரு வழியாகத் திரும்ப வேண்டும் என்று தகராறு. ஒருத்தன் வடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். தேர் நடுரோட்டில். மைக்கில் கண்ட்ரோல் ரூம் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறது. எனக்கு அடிவயிறு சில்லிட்டுவிட்டது, மல்லி. அப்போது நான் போன் போட்டது வனஜாவுக்கு. அவளும் முந்தின வருஷம்தான் இதே மாதிரி ஒன்றைச் சமாளித்திருந்தாள். "படுத்தவன்கிட்ட பேசாத. அவன் ஆத்தா கூட்டத்துல எங்கேயாவது நிப்பா, அவளைக் கண்டுபிடி" என்றாள். கண்டுபிடித்தேன். அந்த ஆத்தா வந்து முந்தானையை உதறி, "எந்திரிடா, சாமி வெயிட் பண்ணுது" என்றாள். எழுந்துவிட்டான். பன்னிரண்டே காலுக்குத் தேர் நிலைக்கு வந்தது.

அந்த ஒரு போனை யோசித்துப் பார். இப்படி ஒருத்தி கூப்பிடும் தூரத்தில் இருந்தால் எந்தப் பெண்ணும் அன்வில்லிங் எழுத மாட்டாள் என்று அன்றைக்குத் தோன்றியது. வனஜா, நான், செல்வி, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குரூப் ஆரம்பித்தோம். இப்போது நாற்பத்தி மூன்று பேர், ஐந்து மாவட்டம். குட்மார்னிங் படம் போடக் கூடாது. மெமோ கண்ணில் பட்ட அன்றைக்கே போட்டோ எடுத்துப் போட வேண்டும், கடைசித் தேதியைத் தனி வரியில். யாருக்குப் பொருந்தும் என்று நாம் முடிவு பண்ணக் கூடாது. சின்னப் பிள்ளை இருக்கிறவளுக்கும் போக வேண்டும். இது அக்கா கதையைக் கேட்ட அன்று நான் சேர்த்த விதி. உன்னையும் சேர்த்துவிட்டேன், நீ இன்னும் திறந்தே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தரைக்கு கிரவுண்டில் ஆறு பேர் பொலிரோ ஓட்டிப் பழகுகிறோம். வண்டிகளைப் பார்க்கும் எம்.டி. செக்‌ஷன் ஏட்டு ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார். ரிவர்ஸில் எட்டுப் போட எனக்கு இன்னும் வரவில்லை. செல்விக்கு வந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயசு, அடுத்த ஐ.நா. மெமோ வந்தால் அவள் பெயர்தான் முதலில் போகும்.

அக்காவின் மெமோவை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தேன், "மல்லிக்கா? குடு" என்றார்கள். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபின் பிரித்து சீலைப் பார். உனக்கு எழுதித் தர வியாழக்கிழமை வரை டைம் இருக்கிறது என்றாய். அதுவரை ஒரு எழுத்தும் எழுதாதே. வீட்டில் ராத்திரி டூட்டிக்கு யோசிக்கிறார்கள் என்றால் அண்ணனிடம் நான் பேசுகிறேன், என் பேச்சை அவர் தட்ட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. ஷூ எடுத்து வா, செருப்போடு கிளட்ச் மிதிக்க விடமாட்டார் ஏட்டு. அம்மா உனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன்,
கலா