கூட்டம் முடிந்த பிறகுதான் வேலை

அன்பு மகள்,

கல்முனையில் நீ தொடங்கியிருக்கிற கணக்கு வேலைக்கு விளம்பரத்தால் ஆள் வராது. முகம் தெரியாத ஒருவரிடம் எந்த முதலாளியும் தன் வரவு செலவைத் திறந்து காட்டமாட்டார். வர்த்தக சங்கக் கூட்டம், வங்கிகள் நடத்தும் கடன் விளக்கக் கூட்டம், கண்காட்சி என்று நேரில் போய்த்தான் ஆகவேண்டும். சொந்தக்காரரும் சிநேகிதிகளும் போதும் என்று இருந்துவிடாதே; அவர்களுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உனக்கும் தெரிந்தவர்கள்தான். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியதும் இதைத்தான். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பலருக்குத் தகவல் சொன்னது நெருங்கியவர் இல்லை, எப்போதாவது சந்திக்கிற ஒருவர்.

கூட்டத்துக்குக் கால் மணித்தியாலம் முந்திப் போ. ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்று கதைக்கத் தொடங்கினால் உள்ளே நுழைவது கஷ்டம். முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கும் இருவரைக் குழப்பாதே. தனியே நிற்பவரிடம் போ. மூன்று நான்கு பேரோடு ஆறுதலாகக் கதைத்தால் அன்றைக்குப் போதும். கதிரைக்குக் கதிரை கார்ட் கொடுத்துக்கொண்டு போகிறவரை ஒருவரும் ஞாபகம் வைப்பதில்லை.

“நான் கணக்காளர்” என்றால் கதை அதோடு நின்றுவிடும். “மருதமுனைக் கைத்தறிக்காரருக்கும் சம்மாந்துறை மில்காரருக்கும் கணக்கு எழுதி, வரிப் படிவத்தைத் தவணைக்குள் போட்டுக்கொடுக்கிறேன்” என்று சொல். கேட்கிறவருக்கு உடனே தன் மச்சானின் மில் நினைவுக்கு வரும். அன்றைக்கே வேலை கேட்காதே, கட்டணமும் பேசாதே. எந்த மாதத்தில் கையில் காசு இறுகும் என்று கேள். அறுவடையில் நெல் வாங்கக் காசு தேடும் பாட்டை மில்காரர் தானாகவே சொல்வார். நீ கேட்டுக்கொண்டிரு.

முஸ்லிம் வியாபாரிகளிடம் கைகுலுக்க நீயாகக் கை நீட்டாதே. நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் இல்லை. வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்திலும் நோன்பு மாதத்தில் பின்னேரங்களிலும் சந்திப்பு வைக்காதே. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் மில் பக்கமே போகாதே.

பலர் கோட்டை விடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். வாங்கிய கார்டின் பின்பக்கத்தில் அன்றிரவே திகதி, இடம், அவர் சொன்ன ஒரு விஷயம் எழுதிவை. மறுநாள் பகலுக்குள் வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பு: “ஐயா, நேற்று வர்த்தக சங்கக் கூட்டத்தில் சந்தித்தோம். தறி வாங்கக் கடன் எடுப்பதுபற்றிக் கேட்டீர்கள். வங்கி கேட்கும் பத்திரங்களின் பட்டியல் இது.” அவ்வளவுதான். உன் சேவையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இரண்டு மூன்று கிழமை கழித்து, வசதியா என்று கேட்டு, அவருடைய இடத்துக்கே போய் இருபது நிமிடம் இருந்துவிட்டு வா.

ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யுமுன் இருவரிடமும் சம்மதம் கேள். கேளாமல் நம்பரைக் கொடுத்தால் இரண்டு பேரின் நம்பிக்கையும் போகும். உனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் சொல்: “இவர் அச்சு வேலையைச் சொன்ன நாளில் தந்தார், விலைபற்றி எனக்குத் தெரியாது.” நீ சிபாரிசு செய்தவர் வேலையைக் கெடுத்தால் பேச்சு உனக்குத்தான் வரும்.

பெரிய ஹோட்டல் மண்டபம் தேவையில்லை. 1905இல் சிக்காகோவில் பால் ஹரிஸ் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கும்போது கூடியவர்கள் நான்கு பேர்தான். பிறகு ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். நீயும் ஒரு சட்டத்தரணி, ஒரு அச்சகக்காரர், ஒரு கணினிக் கடைக்காரர் என்று தொழிலுக்கு ஒருவராகச் சேர்த்து மாதம் ஒருமுறை பிளேன்ரீயோடு இருந்து கதைக்கலாம். ஒரே தொழிலில் இருவர் வந்தால் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

கார்டை மினுக்கம் இல்லாத தாளில் அடி, பேனா பிடிக்கும். அம்பாறை நகருக்கும் போகப்போகிறாய், ஆகவே ஒரு பக்கம் சிங்களம் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா
மட்டக்களப்பு