அன்னாசி டின் ஆலைகளின் வரலாற்றைப் பதிவுசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
தேசிய மரபுடைமைக் கழகம், சிங்கப்பூர்.

பொருள்: சின் லீ சுவான் அன்னாசி ஆலையையும் தீவின் வடபகுதியில் இருந்த மற்ற டின் ஆலைகளையும் பற்றிய நினைவுகளைத் திரட்டிக் காட்சிக்கு வைக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன பள்ளி விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு டௌன்டவுன் பாதை ரயிலில் போனேன். டான் கா கீ நிலையம் வந்ததும், "இவர் யாரு தாத்தா?" என்று கேட்டான். பள்ளிக்கூடங்கள் கட்டியவர் என்றேன். "அதுக்கு அவ்வளவு காசு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றான். முதலில் அன்னாசிப் பழத்திலிருந்து வந்தது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அவனுக்கு விளக்கிச் சொன்ன அன்று இரவே இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

டான் கா கீயின் தந்தை நடத்திய அரிசி வியாபாரம் 1903 வாக்கில் கடனில் மூழ்கியது. மறு ஆண்டு டான் கா கீ 7,000 வெள்ளி முதலோடு சின் லீ சுவான் என்ற அன்னாசி ஆலையைத் தொடங்கினார். மரச் சட்டம், அத்தாப்பு ஓலைக் கூரை, பிறர் பயன்படுத்திய பழைய இயந்திரங்கள். அவ்வளவுதான் ஆலை. தகரமும் சீனியும் கடனுக்கு வாங்கினார். மற்ற ஆலைக்காரர்கள் பழப் பருவம் முடிந்த பிறகு மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்களாம். இவரோ அன்றன்றைக்கு எவ்வளவு பழம் வந்தது, வெட்டியதில் எவ்வளவு வீணானது என்று தினமும் பார்த்திருக்கிறார். பெரிய ஆலைகள் வழக்கமான துண்டுகளையே மலை மலையாகப் போட்டுக்கொண்டிருந்தன. இவர் ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்கு நேரில் போய், யாரும் தொட விரும்பாத சில்லறை வடிவங்களுக்கும் ஆர்டர் பிடித்தார். அவற்றுக்கு விலை கூடுதல். அதே ஆண்டிலேயே ஜிட் சின் என்ற இன்னோர் ஆலையும் அவர் கைக்கு வந்தது. அதன் 'சுல்தான்' முத்திரை டின்கள் நன்றாக விற்றன. தந்தையின் கடனை மகன் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியிருந்தும் சில ஆண்டுகளிலேயே கடன்காரர்களோடு பேசி அதைத் தீர்த்து முடித்தார். வகுப்பில் மாணவர்களுக்கு நான் எத்தனையோ நீதிக்கதைகள் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே நடந்த இந்தக் கதையை ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

இது ஒருவருடைய கதை மட்டுமல்ல. எங்கள் ஈசூனுக்குப் பெயர் தந்த லிம் நீ சூனையும் அந்தக் காலத்தில் 'அன்னாசி மன்னர்' என்றுதான் சொன்னார்கள். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் ரப்பரோடு சேர்த்து அன்னாசி நட்டதற்குக் காரணம் எளிது. ரப்பர் கன்று நட்டால் பால் எடுக்க ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அன்னாசி ஒன்றரை வருஷத்தில் காய்த்துவிடும். ஆனால் பழுத்தால் சில நாள்கூடத் தாங்காது. லண்டனுக்குக் கப்பல் போய்ச் சேரவோ வாரக் கணக்காகும். ஆகவே டின்னில் அடைத்தால்தான் அது பணம். 1906இல் டான் கா கீ, மலாக்காவைச் சேர்ந்த டான் சே யானிடம் 180,000 ரப்பர் விதைகளை 1,800 வெள்ளிக்கு வாங்கித் தம் அன்னாசித் தோட்டத்தில் ஊடே நட்டார். இப்படி நட்ட இடங்களிலெல்லாம் ரப்பர் பால் சுரக்கும்வரை தோட்டத்துக்குச் சோறு போட்டது அன்னாசி டின்தான்.

தமிழன் ஒருவன் இதற்காக ஏன் மனு போடுகிறான் என்று கேட்கலாம். என் தாத்தா வடக்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இளங்கன்றுகளுக்கு நடுவே நின்ற அன்னாசி மட்டை காலைக் கிழித்ததைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆலைகளில் கத்தி பிடித்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தோட்டங்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். ஹவாயில் தோல் சீவி நடுத்தண்டையும் எடுக்கும் இயந்திரம் 1911லேயே வந்துவிட்டது. இங்கேயோ பல காலம் மனிதர் கைதான் வேலை செய்தது. பழச்சாறு பட்டுப்பட்டு விரல்கள் வெந்துபோகும். அந்தக் கைகளின் பெயர்கள் எந்தச் சாலையிலும் இல்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டன் டின் அன்னாசி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. டான் கா கீ ஓர் ஆலையை ரப்பர் ஆலையாக மாற்றினார். அப்புறம் ரப்பர் மரம் வளர்ந்து நிழல் விழுந்த இடத்திலெல்லாம் அன்னாசி மறைந்தது. பயிர் ஜொகூர்ப் பக்கம் நகர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெக்கான் நானாஸில் அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, நம் பக்கத்தில் இதை இன்னும் விரிவாகச் சொல்லக்கூடாதா என்ற எண்ணம் எனக்கு.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஈசூன், செம்பவாங் மரபுடைமைத் தடத்தில் அன்னாசி ஆலைகளின் கதையை விரிவாக, தமிழிலும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை பார்த்த குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளை, வாய்மொழி வரலாற்று நிலையத்தோடு சேர்ந்து நான்கு மொழிகளிலும் பதிவுசெய்ய வேண்டும். இதுதான் அவசரம். என் தாத்தாவிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகள் எனக்கே நிறைய உண்டு. இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பவர்களிடம் அடுத்த வருஷம் கேட்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. அப்படியே, வீடுகளில் தப்பிப் பிழைத்திருக்கும் பழைய டின்களையும் லேபிள்களையும் பொதுமக்களிடம் கேட்டுப் பெற்று, ஈசூன் நூலகத்தில் சில மாதங்களாவது வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள்.

தமிழ் பேசும் மூத்தோரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதித் தரும் வேலையை நான் சம்பளம் இல்லாமல் செய்யத் தயார். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று தெரிவித்தால் மூவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஈசூன்வாசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்